வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை

என் வீட்டுக்காரர் புருஷோத்தமன் எந்தப் பொருளை வாங்கினாலும் முதலில் கையில் தூக்கிப் பார்ப்பார். கனமாக இருந்தால் நல்ல பொருள், லேசாக இருந்தால் ஏமாற்று வேலை. திருச்சியிலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு மாற்றலாகி வந்து, மீதி வேலைக்காலம் முழுக்க ராமச்சந்திராபுரம் கம்பெனியில் விரல் பருமன் தகடுகளை வளைத்து வெல்டிங் வைக்கும் பகுதியில் இன்ஜினியராக இருந்த மனுஷர். நான் துணி காயப்போட அவர் நட்டுக் கொடுத்த கம்பத்தில் யானையைக் கட்டலாம். எங்கள் வாசல் கேட்டைத் திறக்க விருந்தாளிகள் தோளைக் கொடுக்க வேண்டும். கல்யாணமான புதிதில் இதெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது, அப்புறம் சிரிப்பாக இருந்தது. இப்போது அந்தக் கம்பத்தில் துணி காயப்போடுவதையே விட்டுவிட்டேன்.

என் மகன் யோகேஷ் போன வருஷம் கார் வாங்கினான். வெள்ளை வண்டி, பார்க்க லட்சணமாக இருந்தது. இவர் வாசலுக்கு வந்து பானெட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். முகம் சுருங்கிவிட்டது.

"என்னடா இது, அப்பளத்தை மடிச்சு வெச்ச மாதிரி இருக்கு. இதுலயா நீயும் சௌம்யாவும் தினம் போகப்போறீங்க?"

சௌம்யா என் மருமகள். அவள் உத்தியோகத்தை நான் அக்கம்பக்கத்தில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கார்களை மோதவிடுவதுதான் அவள் வேலை. நிஜக் கார் இல்லை, கம்ப்யூட்டரில். வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் ஒரு வண்டியைச் செய்வதற்கு முன்னால், அது சுவரில் மோதினால் எங்கே நசுங்கும், உள்ளே இருப்பவருக்கு எங்கே அடிபடும் என்று மாதாப்பூரில் உட்கார்ந்து இவர்கள் கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். 'காலையில் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு போகிறாள், நாள் பூரா காரை உடைத்துவிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வருகிறாள்' என்று நான் அவளைக் கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள். அதிகம் பேசாத பெண். பெரியவர்கள் சொன்னால் மறுத்துப் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள். அந்த வளர்ப்பை மெச்சித்தான் நாங்கள் பெண் எடுத்தோம்.

ஆயுத பூஜை அன்று இவர் யோகேஷிடம் சாவியை வாங்கிக்கொண்டு விடிந்ததும் போனார். பட்டான்செருவில் பழைய சிநேகிதர் ஒருவருக்குப் பட்டறை இருக்கிறது. மத்தியானம் வண்டி திரும்பி வந்தபோது அதன் மூக்குக்கு முன்னால் இரும்பில் ஒரு தடுப்பு, கார்டு என்பார்கள், நின்றது. லாரிக்குப் போடுகிற மாதிரி கனமான குழாய், அடியில் இரண்டு தடித்த கைகள். அந்தக் கைகள் பம்பரைத் தாண்டி நேரே வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் போய்ப் பிடித்திருந்தன. எல்லாம் இவரே நின்று, இவரே வெல்டிங் வைத்தது. யாராவது திருடிக்கொண்டு போய்விடக் கூடாது என்று நட்டுகளை முடுக்கியதோடு விடாமல், அவற்றின் மேலும் வெல்டிங் வைத்து மூடிவிட்டார். ஸ்பேனர் வைத்துக் கழற்றவே முடியாது. வியர்வையும் கரியுமாக நின்றுகொண்டு, கல்யாணப் பெண்ணுக்கு நகை போட்டுப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தார். நான் வண்டிக்கு மட்டுமில்லாமல் கார்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன்.

சௌம்யா காபித் தட்டோடு வந்து நின்றாள்.

"மாமா, முன்பக்கத்தை நசுங்கறதுக்குன்னேதான் செஞ்சிருக்காங்க. கார்டு போட்டா நசுங்காது."

"நசுங்கக் கூடாதுன்னுதானேம்மா போட்டிருக்கேன்."

"இதெல்லாம் போடக் கூடாதுன்னு சட்டமே இருக்கு மாமா."

"இந்த ஊர் ரோட்டுல சட்டப்படி போறது எதும்மா? எருமை ஒண்ணுதான் போகுது."

எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே போன யோகேஷ் அவளிடம் சொன்னது சமையலறையில் எனக்குக் கேட்டது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன், அவன் தமிழில் பாதி தெருவில் பொறுக்கிய உருது.

"நக்கோ சௌம்யா, இன்னிக்கு வேணாம். அப்பா மூஞ்சியப் பாரு, எவ்ளோ குஷியா இருக்கார். தீபாவளி போகட்டும், கட்டர் வெச்சு எடுத்துரலாம்."

"பூஜை போட்டதை உடனே கழட்டக் கூடாது" என்று நானும் என் பங்குக்குச் சொல்லி வைத்தேன்.

தீபாவளி போயிற்று. பொங்கல் போகட்டும் என்றார்கள். அப்புறம் இவருக்குக் கண்ணில் ஆபரேஷன் வந்தது, அது ஆறட்டும் என்றார்கள். இந்த 'ஆகட்டும், போகட்டும்'தான் எங்கள் குடும்பத்தைப் பிடித்த சனி.

சித்திரை மாதம், தண்ணீர்ப் பஞ்சம். ரோடெல்லாம் தண்ணீர் டேங்கர்கள் ஓடிக்கொண்டிருந்தன. லிங்கம்பள்ளிப் பக்கம் காலையில் யோகேஷ் தனியாகப் போய்க்கொண்டிருந்தபோது முன்னால் போன டேங்கர் சட்டென்று நின்றது. இவன் பிரேக் போட்டும் பத்தவில்லை. ரொம்ப வேகம்கூட இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நிறையத் தண்ணீரோடு நின்ற டேங்கர், மலை மாதிரி, ஓர் அங்குலம் நகரவில்லை. நசுங்க வேண்டிய வண்டியும் நசுங்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் என் பிள்ளை மட்டும்தான் மெத்தென்று இருந்தான்.

ஆஸ்பத்திரிக்கு நானும் சௌம்யாவும் முதலில் போனோம். ரத்தம் இல்லை, முகத்தில் ஒரு காயம் இல்லை, ஆனால் அவன் மூச்சு விடவே பயந்துகொண்டு படுத்திருந்தான். இவர் விபத்து நடந்த இடத்துக்குப் போய்விட்டு அப்புறம் வந்தார். வராந்தாவில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து நீர் தாரையாக வழிந்துகொண்டிருந்தது.

"கமலம், வண்டிக்கு ஒண்ணும் ஆகல. பானெட்டுல ஒரு மடிப்பு இல்ல, லைட்டு கண்ணாடிகூட உடையல. டேங்கர்க்காரன் பம்பர்தான் வளைஞ்சு கிடக்கு. என் கார்டு என் பையனைக் காப்பாத்திருச்சு கமலம்."

நான் கும்பிட்டேன். சத்தியமாக, அந்தக் கார்டைக் கும்பிட்டேன். பக்கத்தில் சௌம்யா சுவர்ப்பக்கம் திரும்பி வாயைப் பொத்திக்கொண்டாள். பயத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

விலா எலும்பு இரண்டு, வலது காறை எலும்பு, இவை கூடிவிடும் என்றார் டாக்டர். கூடாதது வேறொன்று. சீட் பெல்ட் பிடித்து இழுத்த வேகத்தில் வலது தோளிலிருந்து கைக்குப் போகிற நரம்புகள் கழுத்துக்கிட்டே பிய்ந்துவிட்டன. கை இருக்கிறது, அசைவு இல்லை. ஒரு வருஷம் பார்க்கலாம், ஆபரேஷன் செய்து பார்க்கலாம், பழையபடி வரும் என்று சொல்ல முடியாது என்றார்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரி கேன்டீனில் சௌம்யா என்னிடம் சொன்னாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவாள் போல இருந்தாள்.

"அத்தை, வண்டி நின்னா உள்ள இருக்கற உடம்பும் நின்னாகணும். எவ்வளவு நேரத்துல நிக்குதுங்கறதுதான் விஷயம். உங்க கம்பெனி பஸ்ஸுல ரெண்டு டிரைவர் பத்திச் சொல்வீங்களே."

சொல்வேன். டவுன்ஷிப்பிலிருந்து சந்தைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு டிரைவர் தூரத்திலேயே பிரேக்கை அமுக்கிக் கொண்டுபோய் நிறுத்துவான், நின்றதே தெரியாது. இன்னொருவன் ஸ்டாப் வந்ததும் மிதிப்பான், நாங்கள் கூடையோடு கம்பியில் போய் இடிப்போம். அதே பஸ், அதே வேகம், அதே ஸ்டாப்.

"அதேதான் அத்தை. முன்பக்கம் நசுங்கற நேரம் கண்ணை மூடித் திறக்கற நேரம்தான். ஆனா அதுக்குள்ள வண்டி கொஞ்சம் கொஞ்சமா நின்னுரும். அந்த நேரம் கிடைச்சிருந்தா பெல்ட் இப்படி அறுத்திருக்காது. நெஞ்சுல ஒரு கன்னிப்போட எழுந்து வந்திருப்பார். ஏர்பேக்கும் சரியான நேரத்துக்குத் திறந்திருக்கும். வண்டி வாங்கிக்க வேண்டிய அடி, வண்டி வாங்கிக்கல. இவர் வாங்கிட்டார்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் சொன்ன முதல் வார்த்தை மகனைப் பற்றி இல்லை.

"மாமாவுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா அந்த மனுஷன் உயிரோட இருக்க மாட்டார்."

அவள் தலையாட்டினாள். யோகேஷிடம் சொல்லப் போனேன். அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. "ஹவ்மா, சரி, நானும் சொல்ல மாட்டேன்" என்றான்.

அதன்பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். யோகேஷ் இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடப் பழகினான். ரசம் சாதம் பாதி மடியில் கொட்டும். இவர் தலையைத் தூக்காமல், "உயிர் இருக்குல்ல, அதைப் பாரு. கை தானா வரும்" என்பார். அவன் "பரவால்லப்பா" என்பான். வலிக்கிறதா என்று இவர் ஒருநாளும் கேட்கவில்லை. உணர்ச்சியே இல்லாத கையில் தீப்பிடித்த மாதிரி வலி வரும் என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். அவன் தலையணை உறையில் பல் தடம் இருப்பதும் துவைக்கிற எனக்குத்தான் தெரியும். அவர் முன்னால் மட்டும் அவனுக்கு எந்த வலியும் இல்லை.

வண்டி ஒர்க் ஷாப்பிலிருந்து புது ஏர்பேக்கோடு வந்து வாசலில் நின்றது. ஓட்ட யாருமில்லை. இவர் தினமும் காலையில் அதைக் கழுவுவார். நடைப்பயிற்சிக்குப் போகிறவர்களை நிறுத்தி, "டேங்கர்ல மோதின வண்டி, சொன்னா நம்புவீங்களா?" என்று கார்டைத் தட்டிக் காட்டுவார். கணீரென்று சத்தம் வரும். சமையலறையில் நிற்கும் எனக்கு அது மண்டையில் அடிக்கிற மாதிரி இருக்கும். பக்கத்துத் தெரு ராமசுவாமி, இவரோடு வேலை பார்த்தவர், தன் காருக்கும் அதே மாதிரி ஒன்று செய்து தரச் சொல்லி மாட்டிக்கொண்டார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஊரான் வண்டிதானே என்று இருந்துவிட்டேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு மூவரும் உட்கார்ந்திருந்தார்கள், நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். இவர் உற்சாகமாக இருந்தார்.

"சுமலதாவுக்கு போன் போட்டேன். அடுத்த ஞாயிறு வண்டியோட வரச் சொல்லிருக்கேன். இரும்பு வந்து இறங்கிருச்சு. யோகேஷுக்குப் போட்டதைவிட ஒரு சுத்து கனம்."

சுமலதா எங்கள் மூத்த பெண். ஏ.எஸ்.ராவ் நகரில் இருக்கிறாள். உப்பலில் வேலை, லாரிகள் ஓடும் ரோட்டில் தினமும் அவளே ஓட்டிக்கொண்டு போய் வருகிறாள்.

சௌம்யா என்னைப் பார்த்தாள். நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். முதலில் பேசியவன் யோகேஷ்.

"அப்பா, அக்கா வண்டிக்கு நக்கோப்பா."

"ஏன்டா? உன்னையே காப்பாத்துச்சு."

அவன் ஸ்பூனைத் தட்டில் வைத்தான். அவனுக்கு அப்பா வேண்டும், அக்காவும் வேண்டும். எனக்கு மட்டும் வேண்டாமா? ஆனால் இன்னொரு பிள்ளையை அந்த இரும்புக்குப் பின்னால் உட்கார வைக்க என்னால் முடியாது.

"காப்பாத்தலைங்க" என்றேன். "உங்க கார்டு வண்டியைத்தான் காப்பாத்துச்சு."

இவர் என்னைப் பார்த்தார், அப்புறம் சௌம்யாவை. கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. கம்பெனியில் ஜூனியர்களைக் கேட்கிற குரலில் கேட்டார்.

"கார்டு இல்லாட்டி எவ்வளவு தூரம் உள்ள வந்திருக்கும்?"

"அரை மீட்டர் வந்திருக்கும் மாமா. அந்தத் தூரத்துல அவர் நின்னிருப்பார்."

"இப்போ எவ்வளவு வந்திருக்கு?"

அவள் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தாள். இவர் கையைக் கழுவாமல் எழுந்து வாசலுக்குப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேட்டியோடு மண்ணில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் தலையை நுழைத்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். பம்பருக்குப் பின்னால் இரண்டு தகரப் பெட்டிகள் இருக்குமாம். மோதினால் அப்பளம் மாதிரி நொறுங்குவதற்கென்றே வைத்தவை. அவை இரண்டும் புதுசாக அப்படியே இருந்தன. அவர் போட்ட இரும்புக் கைகள் அவற்றைத் தொடாமல் தாண்டிப் போயிருந்தன.

வெகு நேரம் கழித்து உள்ளே வந்தார். முதுகெல்லாம் மண். உட்காரவில்லை.

"கம்பெனி ஷாப்புல கிரேன் ஓடுற தண்டவாளக் கடைசியில மோதலைத் தாங்குற ரப்பர் பஃபர் இல்லாம ஒரு நாளாவது ஓட விட்டிருப்பேனா? இல்லைன்னா கிரேன் முறிஞ்சுரும்னு எத்தனை பேரைத் திட்டியிருக்கேன்." கையிலிருந்த டார்ச்சை அணைத்தார். "இரும்புக்கு ரப்பர் வெச்சேன். பிள்ளைக்கு இரும்பை வெச்சிருக்கேன்."

அவர் சௌம்யா பக்கம் திரும்பினார்.

"நீ அன்னிக்கே சொன்னே. காபி கொண்டு வந்தப்ப சொன்னே. ஏம்மா இன்னொரு தடவை சொல்லல?"

"நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க மாமா" என்றாள் அவள், அழுதுகொண்டே. "சொல்லியிருக்கணும். தினம் ஆபீஸ்ல அதையேதான் பார்க்கறேன். வீட்டுல சொல்ல வாய் வரல."

"சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்" என்றார். அவளுக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை, அதுதான் உண்மை. அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் ராமசுவாமி வீட்டுக்குப் போனார். நானும் கூடவே போனேன், தனியாக விட மனம் வரவில்லை. எங்கேயும் தலைகுனியாத மனுஷர், கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "சாமி, நான் மாட்டினதைக் கழட்டிரு. என் பையன் கை அதுலதான் போச்சு" என்றார். ராமசுவாமி ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தார். "சமாதானம் வேண்டாம்ப்பா, முதல்ல கழட்டு" என்றார் இவர். சுமலதாவுக்குப் போனில் சொல்லும்போது மட்டும் பாதியிலேயே போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

அப்புறம் எங்கள் வண்டி. பட்டறை ஆளைக் கூப்பிடலாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. இரும்பு அறுக்கும் கிரைண்டரை வைத்துத் தானே அறுத்தார். யாரும் கழற்றக் கூடாது என்று அவர் வைத்த வெல்டிங் அவரையும் கழற்ற விடவில்லை. பொறி பறந்தது, பிளேடு தேய்ந்து தேய்ந்து மாற்றினார். வழியில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள். நேற்றுவரை பெருமை பேசிய அதே வாயால், ஒளிக்காமல், ஒவ்வொருவருக்கும் சொன்னார். சௌம்யா லீவு போட்டுவிட்டு, அறுந்து விழுகிற துண்டுகளை எடுத்து ஓரமாக வைத்தாள். சாயங்காலம் கார்டு கழன்று தரையில் விழுந்தபோது தெருவே அதிர்ந்தது. இத்தனை கனத்தையா என் பிள்ளையின் நெஞ்சுக்கு நேராக வைத்து, பொட்டும் வைத்தேன்?

கார்டு போன வண்டி மொட்டையாக, பச்சைப்பிள்ளை மாதிரி நின்றது. இவர் பம்பரைக் கட்டைவிரலால் அழுத்தினார். அது உள்ளே போய்த் திரும்பி வந்தது. இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார்.

யோகேஷ் படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். வலது கை கழுத்திலிருந்து கட்டிய துணித் தூளியில் தொங்கிக்கொண்டிருந்தது. இவர் கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு வந்து அவனுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். தொடலாமா என்று தெரியாதவர் மாதிரி அந்தக் கையைப் பார்த்தார்.

"வலிக்குதாடா?"

மோதின நாளிலிருந்து முதல் தடவையாகக் கேட்டார். அவன் வழக்கமாகச் சொல்கிற வார்த்தை வாய்வரைக்கும் வந்ததைப் பார்த்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு அவன் உதடு சின்னப் பையன் மாதிரி கோணிக்கொண்டது.

"ரொம்ப வலிக்குதுப்பா" என்றான்.

இவர் கரி படிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மகனின் செத்த கையை மெதுவாகத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.